தூரமே இல்லாத இடத்தில் ஸ்டோர்டு புரொசீஜர் எதற்கு?

ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் என்று சர்வர் தரவுத்தளங்களில் பல வருடம் பழகிவிட்டு, தனி சர்வர் இல்லாமல் ஒரே கோப்பில் இயங்கும் எஸ்கியூலைட் பக்கம் வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு தடவை முட்டிக்கொள்வார்கள். ஸ்டோர்டு புரொசீஜர் (தரவுத்தளத்துக்குள்ளேயே பெயரிட்டுச் சேமித்துவைக்கும் நிரல்) ஒன்றை உருவாக்கக் கைப்பழக்கத்தில் ‘கிரியேட் புரொசீஜர்’ என்று அடிப்பார்கள். ‘புரொசீஜர்’ என்ற சொல்லுக்கு அருகே இலக்கணப் பிழை என்று ஒற்றை வரியில் பதில் வரும். உங்களுக்கு உரிமை இல்லை, இந்தப் பதிப்பில் கிடையாது என்றெல்லாம் அது சொல்லாது. அந்த மாதிரி ஒரு கட்டளையே அதன் மொழியில் இல்லை.

இத்தனை வருடமாகத் தரவுத்தளத்துக்குள் வைத்திருந்த லாஜிக்கை இனி எங்கே வைப்பது என்று கேட்டால், ‘செயலியில் எழுதிக்கொள்ளுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதி பதில்தான். ஸ்டோர்டு புரொசீஜர் நாலைந்து தேவைகளை ஒரே மூட்டையாகக் கட்டித் தந்த ஏற்பாடு. நம் செயலிக்குள்ளேயே உட்கார்ந்து ஓடும் உட்பொதிந்த தரவுத்தளத்தில் அந்த மூட்டையைப் பிரித்தால், சில தேவைகள் கரைந்துபோயிருக்கும். சில அப்படியே இருக்கும், ஆனால் அவற்றுக்கு வேறு கருவி வேண்டும். எது போனது, எது மிச்சம் என்று பார்க்காமல் மாற்று தேடினால், செயலி முழுக்க டிரிகர் (தரவு மாறும்போது தானாக ஓடும் நிரல் துண்டு) நட்டுவைத்துவிட்டுப் பிறகு அவதிப்படுவோம். நான் அப்படி அவதிப்பட்டிருக்கிறேன், கீழே சொல்கிறேன்.

மூட்டைக்குள் இருந்தவை

1980களின் பிற்பாதியில் சைபேஸ் நிறுவனம் தன் சர்வரில் ஸ்டோர்டு புரொசீஜரையும் டிரிகரையும் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்ததுதான் மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர். இரண்டுக்கும் டிரான்சாக்ட் எஸ்கியூஎல் என்ற மொழி பொதுவாக அமைந்தது அதனால்தான். ஆரக்கிள் 1992இல் ஏழாம் பதிப்போடு இதைச் சேர்த்தது. 1996இல் எஸ்கியூஎல்/பிஎஸ்எம் என்ற தரநிலை வந்தது. மைஎஸ்கியூஎல் 2005இல் 5.0 பதிப்பில்தான் இந்தப் பக்கம் வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த முதல் காரணம் தூரம். செயலி ஒரு கணினியில், தரவு இன்னொன்றில். ஓர் ஆர்டரைப் பதிவு செய்ய இருப்பைப் பார், குறை, ஆர்டர் வரியைச் சேர், தலைப்பைச் சேர், மொத்தத்தைத் திருத்து என்று ஐந்தாறு வாக்கியம் தேவை. ஒவ்வொன்றும் நெட்வொர்க்கைக் கடந்து போய்வர வேண்டும். ஒரே டேட்டா சென்டருக்குள் ஒரு பயணம் அரை மில்லிசெகண்ட் என்றால் தாங்கலாம். ஊர்கள் தாண்டினால் பத்துக்கணக்கான மில்லிசெகண்ட். அதைவிடப் பெரிய வலி, அந்தப் பயண நேரம் முழுக்க, எல்லாம் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்று கட்டிய வாக்கியத் தொகுதி, அதாவது டிரான்சாக்‌ஷன் திறந்தே கிடக்கும், மற்றவர் தொடாதபடி லாக் (பூட்டு) பிடித்தபடி இருக்கும், மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஆகவே வேலையைத் தரவு இருக்கும் இடத்துக்கே அனுப்பி, ஒரே அழைப்பில் முடித்தார்கள்.

அதோடு சேர்ந்து வந்தவை வேறு சில. அடிக்கடி ஓடும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப அலசித் திட்டம் போடாமல் சேமித்துவைக்கலாம். டேபிளைத் தொட உரிமை தராமல் புரொசீஜரை ஓட்ட மட்டும் உரிமை தரலாம். கவுன்டர் மென்பொருள், வலைத்தளம், இரவில் ஓடும் பேட்ச் வேலை என மூன்று தனித்தனி நிரல்கள் ஒரே தரவைத் தொடும்போது, விதியை ஓரிடத்தில் எழுதி மூன்றையும் கட்டுப்படுத்தலாம்.

இப்போது இவற்றை ஒவ்வொன்றாக எஸ்கியூலைட்டுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம்.

தூரம் போய்விட்டது

எஸ்கியூலைட்டின் முதல் பதிப்பு 2000 ஆகஸ்டில் வெளிவந்தது. அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப் அப்போது அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைத் தாங்கிக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். தரவுத்தள சர்வர் நின்றுபோனால் அவருடைய நிரலும் பயனற்றுப் போகும். நடுவில் ஒரு சர்வரே இல்லாமல் கோப்பை நேராகப் படித்தால் என்ன என்ற எண்ணம்தான் இதன் விதை. எஸ்கியூலைட் தொடங்கியது டிக்கிள் என்ற ஸ்கிரிப்ட் மொழியின் நீட்டிப்பாக என்பது அதைவிட முக்கியமான தகவல் என்று எனக்குப் படுகிறது. சுழற்சி, நிபந்தனை, மாறிகள் எல்லாம் டிக்கிளில் ஏற்கெனவே இருந்தன. தரவுத்தளம் அதே புராசஸில், அதே நினைவகத்தில் ஓடியது. அதற்குள் இன்னொரு நிரல் மொழியைத் திணிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

இன்றும் நிலைமை அதுதான். உங்கள் மொழி எதுவானாலும், குவெரி அனுப்புவது ஒரு ஃபங்ஷன் அழைப்பு. நெட்வொர்க் இல்லை, வேறு புராசஸுக்குத் தாவலும் இல்லை. எஸ்கியூலைட்டின் சொந்த வலைத்தளத்தில் உடனுக்குடன் உருவாகும் பக்கங்கள், ஒவ்வொன்றும் சுமார் 200 எஸ்கியூஎல் வாக்கியங்களை ஓட்டித்தான் உருவாகின்றன என்று அதன் ஆவணமே சொல்கிறது. சர்வர் உலகில் ஒரு பக்கத்துக்கு 200 குவெரி என்றால் மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்பார். பட்டியலை ஒரு குவெரியில் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக இன்னொரு குவெரி ஓட்டும் பழக்கத்தை அங்கே பெரும் பிழையாகவே கற்பிக்கிறோம். இங்கே அது குற்றமில்லை, பல நேரங்களில் பல டேபிள்களை இணைக்கும் ஒரு பிரமாண்டமான ஜாயினைவிட அப்படி எழுதிய கோடு தெளிவாகவும் இருக்கும்.

ஆக, புரொசீஜரின் உடலாக இருந்த சுழற்சியும் நிபந்தனையும் நம் கோட்லின், பைத்தான், சி நிரலுக்கு இடம் மாறிவிட்டன. வேகத்தில் இழப்பு ஏதுமில்லை.

முன்கூட்டியே கம்பைல் செய்யும் வசதியும் வேறு உருவில் இருக்கிறது. எஸ்கியூலைட் ஒவ்வொரு வாக்கியத்தையும் தன் உள் இயந்திரத்துக்கான பைட்கோடாக மாற்றித்தான் ஓட்டுகிறது. ஒருமுறை தயாரித்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மதிப்புகளை மட்டும் மாற்றிக் கட்டி, ஆயிரம் தடவை ஓட்டலாம். அந்தப் பைட்கோடு கோப்பில் எழுதப்படுவதில்லை, இணைப்பு மூடினால் போய்விடும். பதிப்புக்குப் பதிப்பு அது மாறலாம் என்பதால் அப்படி இருப்பதே நல்லது.

உரிமை விஷயத்தில் நேராகப் பேச வேண்டும். எஸ்கியூலைட்டில் பயனர் இல்லை, கடவுச்சொல் இல்லை, உரிமை வழங்கும் ‘கிராண்ட்’ கட்டளை இல்லை. கோப்பைத் திறக்க இயக்குதளம் அனுமதித்தால் எல்லாமே கைக்குள் வந்துவிடும். புரொசீஜரை ஓட்ட மட்டும் உரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. பயனர்கள் ஒருவரை ஒருவர் நம்பாத சூழல் என்றால் நடுவில் ஒரு சர்வர் வேண்டும். அது எஸ்கியூலைட்டை ஏமாற்றி வாங்கக்கூடிய வசதி இல்லை.

டிரான்சாக்‌ஷனைத் தவறவிடுகிறவர்கள்

புரொசீஜரைச் செயலிக்கு மாற்றும்போது நான் அதிகம் பார்த்த தவறு ஒன்று உண்டு. புரொசீஜருக்குள் இருந்தால் எல்லாம் ஒன்றாக நடக்கும் அல்லது ஒன்றுமே நடக்காது என்று பலர் நம்புகிறார்கள். அந்த உறுதியைத் தருவது டிரான்சாக்‌ஷன். மைஎஸ்கியூஎல்லில்கூடப் புரொசீஜர் தானாக ஒரு டிரான்சாக்‌ஷன் ஆகிவிடாது. ஆகவே செயலியில் எழுதும்போது தொடக்கத்தையும் முடிவையும் நாமே குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனி டிரான்சாக்‌ஷனாக ஓடும். ஒவ்வொன்றும் வட்டில் எழுதி உறுதி செய்வதால் வேகமும் படுத்துவிடும்.

அடுத்த கண்ணி இன்னும் நுட்பமானது. வெறும் ‘பிகின்’ என்று எழுதினால் எஸ்கியூலைட் அந்த நொடியில் எந்த லாக்கும் எடுக்காது. முதல் செலக்ட் வரும்போது படிக்கும் நிலைக்குப் போகும், முதல் அப்டேட் வரும்போது எழுதும் நிலைக்கு உயர முயலும். நம் நடைமுறைகள் பெரும்பாலும் ‘முதலில் இருப்பைப் பார், பிறகு குறை’ என்ற வடிவில்தான் இருக்கும். பார்ப்பதற்கும் குறைப்பதற்கும் நடுவில் இன்னோர் இணைப்பு எதையாவது எழுதி முடித்துவிட்டது என்று வையுங்கள். ‘வால்’ (WAL) முறையில், அதாவது மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் முறையில், ஓடும் கோப்பில், நாம் பார்த்த காட்சி பழையதாகிவிட்டது என்பதால் எழுத்து உடனே மறுக்கப்படும். காத்திருப்பு நேரத்தை ஐந்து விநாடி, பத்து விநாடி என்று எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. எத்தனை நேரம் காத்திருந்தாலும் அந்தப் பழைய காட்சி புதிதாகப்போவதில்லை என்பதால் எஸ்கியூலைட் காத்திருக்கவே செய்யாது. டிரான்சாக்‌ஷனையே கைவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எழுதப்போகிறோம் என்று தெரிந்தால் ‘பிகின் இமீடியட்’ என்று தொடங்குங்கள். எழுதும் இடத்தைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடும், வேறொருவர் எழுதிக்கொண்டிருந்தால் காத்திருப்பு நேரம் ஒழுங்காக வேலை செய்யும். செயலியில் ‘இதற்குள் ஓடுவதெல்லாம் ஒரே டிரான்சாக்‌ஷன்’ என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, பிழை வந்தால் ரோல்பேக் (எல்லாவற்றையும் பின்வாங்கு), சரியாக முடிந்தால் கமிட் (உறுதி செய்) என்று அங்கேயே கட்டிவிட்டால், பழைய புரொசீஜருக்கு மிக நெருங்கிய மாற்று அதுதான்.

இன்னொரு பக்கம், புரொசீஜரே தேவைப்படாத அளவுக்கு ஒற்றை வாக்கியங்களும் வளர்ந்துவிட்டன. 2014இல் 3.8.3 பதிப்பில் ‘வித்’ வந்தது, மர வடிவத் தரவில் ஏறி இறங்கும் சுழற்சியை அதன் ரிகர்சிவ் வடிவம் பார்த்துக்கொள்ளும். 2018இல் 3.24.0 பதிப்பில் அப்சர்ட், 3.25.0 பதிப்பில் விண்டோ ஃபங்ஷன்கள், 2021இல் 3.35.0 பதிப்பில் ‘ரிட்டர்னிங்’. ‘இருந்தால் கூட்டு, இல்லாவிட்டால் சேர், புதிய மதிப்பைத் திருப்பிக் கொடு’ என்று இருபது வரிப் புரொசீஜர் செய்த வேலை இன்று ஒரே வாக்கியம். பழைய புரொசீஜர்களை இடம் மாற்றும்போது, முதலில் எத்தனை புரொசீஜர் இப்படிச் சுருங்கும் என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் சுருங்கியதை நான் கண்டிருக்கிறேன்.

மிச்சம் இருப்பது விதி

மூட்டையில் கரையாமல் நிற்பது கடைசித் தேவை: யார் எழுதினாலும் மீற முடியாத விதி. எஸ்கியூலைட் கோப்பு பெரும்பாலும் ஒரே செயலிக்குச் சொந்தம்தான். ஆனாலும் அந்தச் செயலியின் பழைய பதிப்பு, புதிய பதிப்பு, தரவை இறக்கும் ஸ்கிரிப்ட், அவசரத்துக்குக் கட்டளை வரியில் திறந்து திருத்தும் பொறியாளர் எனத் தொடுகிற கைகள் நிறைய.

இங்கே முதலில் நாட வேண்டியது கட்டுப்பாடுகள். அளவு சுழியத்துக்குக் கீழே போகக் கூடாது என்றால் அதற்கு ஒரு ‘செக்’ போதும், நிரல் தேவையில்லை. 2021இல் வந்த ‘ஸ்ட்ரிக்ட்’ டேபிள் வகை, எண் பத்தியில் எழுத்து நுழைவதைத் தடுக்கும். ஒரு டேபிளில் வரும் மதிப்பு இன்னொரு டேபிளில் இருந்தாக வேண்டும் என்று சொல்லும் ஃபாரின் கீ விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பழைய கோப்புகள் உடையக் கூடாது என்பதற்காக, எஸ்கியூலைட்டில் அது இயல்பாகவே அணைந்து கிடக்கும். ஒவ்வோர் இணைப்பிலும் ‘பிரக்மா’ என்ற அமைப்புக் கட்டளை மூலம் ஏற்ற வேண்டும். விதியைக் கோப்பில் எழுதிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர், அதைக் கவனிக்கச் சொல்லி எந்த இணைப்புக்கும் சொல்லாமல் விட்டிருப்பார்கள்.

‘செக்’ விதிக்குள் வேறு டேபிளைப் பார்க்கும் துணைக்குவெரி எழுத முடியாது. அங்கேதான் டிரிகர் தேவைப்படும். டிரிகரை வைத்துப் புரொசீஜரையே போலச் செய்யும் ஒரு வழியும் இருக்கிறது. அதைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

‘இருப்பு’ என்று ஒரு டேபிள்: கிடங்கு, பொருள், அளவு. ‘நகர்வு’ என்று ஒரு பதிவேடு. பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், எஸ்கியூலைட் ஏற்றுக்கொள்ளும். இப்போது ‘இடமாற்று’ என்று ஒரு வியூ (டேபிள் போலத் தோன்றும், பெயரிட்ட குவெரி) உருவாக்குகிறோம். அதில் எங்கிருந்து, எங்கே, பொருள், அளவு என நான்கு பத்திகள். அந்த வியூ எந்த வரியையும் காட்டாது, எப்போதும் பொய்யாகும் ஒரு நிபந்தனையை அதில் வைத்துவிடுகிறோம். அது வெறும் வாசல். அதன்மேல் ‘இன்ஸ்டெட் ஆஃப் இன்சர்ட்’ டிரிகர் ஒன்று. யாராவது இந்த வியூவுக்குள் ஒரு வரியைச் சேர்த்தால், சேர்ப்பதற்குப் பதிலாக டிரிகரின் உடல் ஓடும். முதல் வாக்கியம் கிடங்கில் போதிய அளவு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் ‘ரெய்ஸ்’ மூலம் நிறுத்தும். அடுத்தது ஒரு பக்கம் குறைக்கும், அதற்கடுத்தது மறுபக்கம் கூட்டும், கடைசியில் பதிவேட்டில் ஒரு வரி. நான்கு பத்திகள் நான்கு பாராமீட்டர்கள், இன்சர்ட் என்பதே அழைப்பு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வாக்கியம் என்பதால், நடுவில் ‘ரெய்ஸ்’ நிறுத்தினால் டிரிகர் செய்த எல்லாமே பின்வாங்கும்.

அழகான வழிதான். சின்ன, நிலையான விதிகளுக்கு நானே பயன்படுத்துகிறேன். ஆனால் இதன் எல்லை சீக்கிரமே தெரிந்துவிடும். டிரிகருக்குள் மாறி கிடையாது, சுழற்சி கிடையாது, ‘இஃப்’ கிடையாது. ‘வென்’ நிபந்தனையும் ‘கேஸ்’ கோவையும்தான். உள்ளே இருக்கும் வாக்கியங்களை ‘வித்’ என்று தொடங்கவும் முடியாது. எதையும் திருப்பித் தர முடியாது. எத்தனை வரி மாறியது என்று கேட்டால், வியூவின்மேல் நடந்த இன்சர்ட்டுக்கு எஸ்கியூலைட் பூஜ்யம் என்று சொல்லும். நிரலின் பொருள்களை டேபிள் வரிகளோடு இணைக்கும் ஓஆர்எம் லைப்ரரிகள் இது தெரியாமல், வேலை நடக்கவில்லை என்று நினைத்துப் பிழை எழுப்பும். ‘ரெய்ஸ்’ தரும் செய்திகூட நெடுநாள் மாறாத எழுத்துத்தொடராகத்தான் இருக்க வேண்டியிருந்தது. எந்தப் பொருள் குறைகிறது என்று பெயர் சேர்த்துச் சொல்ல 2024 அக்டோபரில் வந்த 3.47.0 பதிப்பு வரை வழியில்லை. மூன்று வாக்கியங்களுக்கு மேல் டிரிகர் நீண்டால் அது செயலியில் இருக்க வேண்டிய நிரல் என்பது என் அளவுகோல்.

தரவுத்தளம் நம்மை அழைக்கும் திசை

சர்வர் உலகில் நிரலைத் தரவிடம் அனுப்பினோம். உட்பொதிந்த தரவுத்தளத்தில் இந்தத் திசையைத் திருப்ப முடிகிறது. நம் மொழியில் எழுதிய ஒரு ஃபங்ஷனைப் பெயர் சொல்லிப் பதிந்துவிட்டால், எஸ்கியூஎல் வாக்கியத்தின் நடுவில் தரவுத்தளம் அதை அழைக்கும். பைத்தானில் இதற்கு ஒரே வரிதான். இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள தூரம், ஒரு பெயரின் ஒலிக்குறியீடு, வரிக் கணக்கு என எஸ்கியூஎல்லில் எழுத முடியாததை எல்லாம் இப்படிச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்டோர்டு புரொசீஜரில்கூட இவ்வளவு சுதந்திரம் கிடையாது என்பது என் கருத்து. அங்கே ஆரக்கிளின் பிஎல்/எஸ்கியூஎல் போன்ற மொழியின் வசதிக்குள் நிற்க வேண்டும், இங்கே உங்கள் மொழியின் எல்லா லைப்ரரியும் உள்ளே வருகிறது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும் ஓர் இடம் உண்டு: அகரவரிசை. எஸ்கியூலைட் இயல்பாகப் பைட்டுகளை அப்படியே ஒப்பிட்டு வரிசைப்படுத்தும். யூனிகோடில் தமிழ் எழுத்துகள் அமர்ந்திருக்கும் வரிசையும் நம் நெடுங்கணக்கும் ஒன்றல்ல. யூனிகோடில் ‘ந’வை அடுத்து ‘ன’ இருக்கிறது, அதற்குப் பிறகே ‘ப’. ‘ற’ வந்த பிறகே ‘ல’. ஆய்தம் அகரத்துக்கும் முன்னால். புள்ளியின் குறியீடு எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால், ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னால் போய் நிற்கும். பெயர்ப் பட்டியலை இப்படி அடுக்கினால் ‘அன்பு’வை ‘அப்பர்’ முந்த வேண்டிய இடத்தில் ‘அன்பு’ முன்னால் வரும். இதற்கு நாமே ஒப்பீட்டு ஃபங்ஷன் ஒன்றை எழுதி, கொலேஷன் (வரிசை விதி) என்று பதிந்துவிட்டால் போதும். ‘ஆர்டர் பை’ நெடுங்கணக்குப்படி அடுக்கும், அதே வரிசையில், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸும் கட்டலாம்.

ஆனால் இண்டெக்ஸ் கட்டிய அந்த நொடியில் ஒரு கடனும் சேர்ந்துவிடுகிறது. இண்டெக்ஸ் இருப்பது கோப்பில், ஒப்பீட்டு விதி இருப்பது செயலியில். அடுத்த பதிப்பில் கிரந்த எழுத்துகளின் இடத்தை மாற்றினீர்கள் என்றால், கோப்பில் இருக்கும் வரிசை பழையது, தேடுவது புதிய விதி. இருக்கிற பெயரை இல்லை என்று சொல்லும், பிழைச் செய்தி எதுவும் வராது. விதி மாறிய அன்றே ‘ரீஇண்டெக்ஸ்’ ஓட்டியாக வேண்டும்.

என் அவதி இந்த இடத்தில்தான். களத்தில் விவரம் சேகரிக்கும் செயலி ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முன்பு எழுதியவர் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் போட, செயலியில் பதிந்த ஃபங்ஷனை டிரிகருக்குள் அழைத்திருந்தார். செயலிக்குள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் ஒரு கருவியிலிருந்து வந்த கோப்பில் சில பதிவுகளைத் திருத்த வேண்டியிருந்தது. கட்டளை வரியில் திறந்து ஒரு வரியைச் சேர்க்கப் போனால், அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை என்று நிறுத்தியது. டிரிகரை நீக்கிவிட்டுச் சேர்த்தேன், திரும்ப வைக்க மறந்தேன். அந்தக் கோப்பு கருவிக்குத் திரும்பிப் போய், அடையாள எண்ணே இல்லாத பதிவுகளை இரண்டு நாள் சேகரித்தது. தவறு என்னுடையதுதான். ஆனால் கோப்பு தனியாக நிற்க முடியாதபடி அதன் விதியில் பாதியை வேறிடத்தில் வைத்திருந்ததும் சேர்ந்துதான் அதைச் செய்தது.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கோப்பில் தங்கும் டிரிகரும் இண்டெக்ஸும் எஸ்கியூலைட்டின் சொந்த ஃபங்ஷன்களை மட்டுமே நம்பலாம். செயலியின் ஃபங்ஷன் தேவைப்படும் டிரிகர் என்றால், இணைப்பு திறந்தவுடன் அதைத் ‘டெம்ப்’ டிரிகராக உருவாக்கிவிடுகிறேன். அது நிரந்தர டேபிளின்மேல் நின்று வேலை செய்யும், ஆனால் அந்த இணைப்போடு போய்விடும், கோப்பில் எழுதப்படாது. நிரல் செயலியில், காவல் தரவுத்தளத்தில் என்ற இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கும் இந்த வசதியைப் பலர் கவனிப்பதில்லை.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்

உட்பொதிந்த தரவுத்தளம் என்றாலே புரொசீஜர் இருக்காது என்று சொல்லிவிட முடியாது. 2000இல் இன்டர்பேஸிலிருந்து பிரிந்து வந்த ஃபயர்பேர்டில், சர்வரில் ஓடும் அதே எஞ்சினை லைப்ரரியாகவும் இணைக்கலாம். அதன் பிஎஸ்கியூஎல் மொழி முழுசாக உடன் வரும். ஒரு புரொசீஜரை டேபிள் போல ‘ஃப்ரம்’ பகுதியில் வைத்து, வரிவரியாகப் பெறவும் முடியும். எதையும் சேமிக்காமல் ஒரு நிரல் துண்டை அப்படியே அனுப்பி ஓட்ட ‘எக்சிக்யூட் பிளாக்’ இருக்கிறது. இன்று தனிக்கணினியில், நாளை சர்வரில் என்று வளரப்போகும் மென்பொருளுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

ஜாவா உலகம் வேறு வழி எடுத்தது. அப்பாச்சி டெர்பியில் ‘கிரியேட் புரொசீஜர்’ உண்டு, ஆனால் அதன் உடல் ஒரு ஜாவா ஸ்டாடிக் மெத்தட். ஜார் கோப்பையே தரவுத்தளத்துக்குள் நிறுவவும் முடியும். ஹெச்2வில் ‘கிரியேட் ஏலியஸ்’ என்று எழுதி ஜாவா மூலநிரலையே வாக்கியத்துக்குள் வைக்கலாம், அது அங்கேயே கம்பைல் ஆகும். வசதி பெரிது, ஆபத்தும் அதே அளவு. அந்தக் கட்டளையை ஓட்டும் உரிமை கிடைத்தவருக்கு, அந்தக் கணினியில் ஜாவா நிரல் ஓட்டும் உரிமையே கிடைத்துவிடுகிறது.

ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் பிறந்து 2019இல் வெளிவந்த டக்டிபி பகுப்பாய்வுக்கானது. அதில் புரொசீஜர் இல்லை, மேக்ரோ உண்டு. ஒரு கோவைக்கோ முழு செலக்ட்டுக்கோ பெயர் வைத்து, பாராமீட்டரோடு அழைக்கலாம். ஓட்டத்துக்கு முன்பே அது விரிந்து குவெரியோடு கலந்துவிடும். டக்டிபி வரிகளை 2048 கொண்ட கட்டுகளாக எடுத்துப் பத்தி பத்தியாகக் கணக்குப் போடுகிறது. வரிவரியாக நடக்கும் புரொசீஜர் மொழியை அதற்குள் வைத்தால், அதன் வேகத்துக்கே அடிப்படையான ஏற்பாடு குலையும். மேக்ரோவோடு நின்றது சரியான முடிவு.

கோப்போடு பயணிக்கும் நிரல்

புரொசீஜர் கோப்புக்குள்ளேயே இருந்தால் தரவோடு லாஜிக்கும் சேர்ந்து பயணிக்குமே, அது நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. எஸ்கியூலைட் கோப்பு நிறையவே பயணிக்கிறது. மின்னஞ்சலில் போகிறது, காப்புப்பிரதியில் இருக்கிறது, ஒரு செயலியின் ஆவண வடிவமாகவே ஊர் சுற்றுகிறது. வேறொருவர் தந்த கோப்பைத் திறக்கும்போது அதில் இருக்கும் டிரிகரும் வியூவும் நம் செயலியின் பெயரில், நம் உரிமையோடு ஓடுகின்றன.

2019இல் டெஃப்கான் மாநாட்டில் செக் பாயிண்ட் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். செயலி ஒரு டேபிளிலிருந்து சாதாரணமாகப் படிக்கிறது என்று வையுங்கள். கோப்பைக் கையில் பிடித்தவர் அந்த டேபிளுக்குப் பதில் அதே பெயரில் ஒரு வியூவை வைத்துவிட்டால், செயலியின் அப்பாவியான செலக்ட், அவர் எழுதிய குவெரியை ஓட்டும். அடுத்த சில மாதங்களிலேயே எஸ்கியூலைட்டில் காவல்கள் கூடின. கோப்பின் ஸ்கீமாவை (டேபிள், வியூ, டிரிகர் வரையறைகளை) நம்பாதே என்று இணைப்புக்குச் சொல்ல ஒரு அமைப்பு வந்தது. ஒரு ஃபங்ஷனைப் பதியும்போது, இதை டிரிகருக்குள்ளோ வியூவுக்குள்ளோ அழைக்கக் கூடாது, நேராக எழுதிய வாக்கியத்தில் மட்டும்தான் என்று ‘டைரக்ட் ஒன்லி’ குறி போடலாம். கோப்பு எழுதும், நெட்வொர்க் தொடும் எந்த ஃபங்ஷனுக்கும் அந்தக் குறியைப் போடாமல் விடாதீர்கள். வெறும் டிரிகரிலேயே இத்தனை கவனம் தேவைப்படும்போது, சுழற்சியும் மாறியும் கொண்ட முழு மொழி ஒன்று கோப்புக்குள் இருந்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எஸ்கியூலைட் குழு தன் கோப்பு வடிவத்தை 2050 வரை பேணுவதாக உறுதி தந்திருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரவைப் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று. இந்த உறுதியோடு புரொசீஜர் மொழியும் சேர்ந்திருந்தால், இன்று வடிவமைத்த மொழியின் ஒவ்வொரு குறையையும் அதே காலம் வரை சுமக்க வேண்டும். அது இல்லாமல் இருப்பதை நான் ஒரு கட்டுப்பாடான தேர்வாகவே பார்க்கிறேன்.

பராமரிப்பிலும் இதே கதைதான். சர்வரில் புரொசீஜரை மாற்றினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும், அடுத்த அழைப்பு புதியதை ஓட்டும். உட்பொதிந்த செயலியிலோ, எத்தனை கருவியோ அத்தனை கோப்பு, ஒவ்வொன்றும் வெவ்வேறு வயதில். இரண்டு வருடமாகத் திறக்காத போனில் இரண்டு வருடப் பழைய டிரிகர் இருக்கும். எஸ்கியூலைட்டில் டிரிகரைத் திருத்தும் கட்டளை கிடையாது, நீக்கிவிட்டுத் திரும்ப உருவாக்க வேண்டும். அதனால் நான் டேபிள் மாற்றங்களையும் டிரிகர், வியூ மாற்றங்களையும் ஒரே பட்டியலில் வைப்பதில்லை. டேபிள்கள் படிப்படியாக, கோப்பின் தலைப்பில் இருக்கும் ‘யூசர் வெர்ஷன்’ எண்ணைப் பார்த்து நகரும். டிரிகர்களும் வியூக்களும் செயலியின் மூலநிரலில் ஒரே கோப்பாக இருக்கும். எண் மாறியிருந்தால், அதே ‘பிகின் இமீடியட்’ டிரான்சாக்‌ஷனுக்குள் பழையவை எல்லாவற்றையும் நீக்கி, இப்போதைய பட்டியலை முழுசாக உருவாக்கி, எண்ணை ஏற்றிக் கமிட் செய்கிறேன். நடுவில் மின்சாரம் போனால் கோப்பு பழைய எண்ணோடும் பழைய டிரிகர்களோடும் அப்படியே இருக்கும், அடுத்த தடவை திறக்கும்போது இந்த வேலை முதலிலிருந்து நடக்கும்.